மூலையில் தெரியும் பழைய விலை

மார்ச் 3

மாண்புமிகு அக்காவுக்கு,

மேஜை, நாற்காலி, மின்விசிறி (ஓடினால்) சகிதம் தலைநகரில் வீற்றிருக்கும் உனக்கு, ரெட்டைவால் எழுதுவது. போன் பண்ணலாமேன்னு கேப்பே. போனுக்குச் சார்ஜ் போடக் கரண்ட் வேணும். கரண்ட் வர்ற நேரத்துல டவருக்குத் தூக்கம் வந்துடுது. இந்த நாட்டுல இன்னும் விலை ஏறாத ஒரே சாமான் தபால்தலைதான். அதை ஏத்தணும்னு யாருக்கும் ஞாபகம் வரலை போல. உங்க ஆபீஸ்ல சொல்லிக் கொடுத்துடாதே.

எங்க பரீட்சை தள்ளிப் போச்சு. கேள்வி தயாராம், அச்சடிக்கத் தாள் இல்லையாம். ஆக, கேள்வித்தாள்ல பாதிதான் கிடைச்சிருக்கு. வாய்மொழியாவே கேட்டுடலாமான்னு ஹெட்மாஸ்டர் யோசிச்சார். "பதிலை மனசுக்குள்ளயே சொன்னா மார்க் உண்டா சார்?"னு கேட்டேன். வகுப்புக்கு வெளியே நிக்க வச்சார். வெளியே காத்தாவது வந்துச்சு.

வீட்டு நிலவரம்: கேஸ் வரிசைல இப்ப மனுஷங்க நிக்கிறதில்லை, சிலிண்டர்தான் நிக்குது. காலி சிலிண்டரை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சங்கிலி போட்டுக் கட்டிட்டு எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. நம்ம சிலிண்டருக்கு நான் சாக்பீஸ்ல முகம் வரைஞ்சு தொப்பி மாட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தா வரிசை முழுக்க முகம். பக்கத்து வீட்டு சிலிண்டருக்கு மீசையே இருக்கு. அம்மாதான், "வரைஞ்சதெல்லாம் போதும், கேஸ் வருதான்னு பாரு"ன்னு தலைல குட்டினாங்க.

கடைல விலை ஒட்டுற மெஷின் இப்ப என் கைல. காலைல ஒட்டினது சாயங்காலம் செல்லாது. மறுபடி டக், டக். பிஸ்கட் பாக்கெட் ஸ்டிக்கராலேயே சதை போட்டுடுச்சு. பணவீக்கம்னா என்னன்னு இப்பத்தான் புரியுது. வீங்கினது பணம், இளைச்சது நாம.

பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கவும் கூடாது. நம்ம கடை வழக்கம் உனக்கே தெரியும். புதுசைக் கொஞ்சம் சாய்ச்சு ஒட்டணும், பழசோட மூலை வெளியே தெரியணும். "எவ்வளவு ஏறிச்சுன்னு வாங்கறவங்க கண்ணால பார்க்கட்டும். நான் என்ன திருட்டுச் சாமானா விக்கிறேன், மறைக்கிறதுக்கு?" அப்பாவோட குரல்ல படிச்சுக்கோ.

அப்பா உன்னைப் பத்தி நேரா எதுவும் கேக்கறதில்லை. "கவர்மெண்டுக்குக் கடுதாசியா?"ன்னு மட்டும் கேட்டார். நீ விலைக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல சேர்ந்த அன்னிக்கு, "கடைக்காரன் பொண்ணு கடைக்காரங்களைப் பிடிக்கப் போறாளா?"ன்னு கத்தினாரே, அந்தக் கோபம் மட்டும்தான் இந்த வீட்டுல தட்டுப்பாடு இல்லாம இருக்கு.

ஒண்ணு கேக்கணும். ஏன் இப்படி ஆச்சு? ரேடியோல "தற்காலிக நெருக்கடி"ங்கறாங்க. தற்காலிகத்துக்குப் பல்லு முளைச்சு, நடக்கவே ஆரம்பிச்சிடுச்சு.

ஒட்டி ஒட்டிக் கட்டைவிரல் வீங்கின,
ரெட்டைவால்


மார்ச் 12

ரெட்டைவாலுக்கு,

சிலிண்டருக்கு மீசை வரைந்த கதையை ஆபீஸில் படித்துக் காட்டினேன். எங்கள் மேலதிகாரி சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகிறது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டாய். கடைப் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு கடைக்காரர் வெளியூர் ஆட்களிடம் கடன் வாங்கிக் கடைக்குப் பளிங்குத் தரை போடுகிறார். தரை பளபளக்கிறது, வியாபாரம் ஏறவில்லை. தேர்தல் வருகிறது. நல்ல பெயர் வாங்க வரியைக் குறைக்கிறார், கல்லாவில் வரவு பாதியாகிறது. தவணை வந்ததும் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். வெளியூர்க்காரர்கள் நம் நோட்டைத் தொட மாட்டார்கள், டாலர்தான் வேண்டும். டாலர் கொண்டுவந்த ஏற்றுமதியும் சுற்றுலாவும் படுத்துவிட்டன. மிச்சம் இருந்த டாலரையும், நம் நோட்டின் மதிப்பு இறங்கவே இல்லை என்று காட்டுவதற்காகச் செலவழித்துத் தீர்த்தார்கள். சம்பளம் கொடுக்க நோட்டு அச்சடித்தார்கள். சாமான் கூடாமல் நோட்டு மட்டும் கூடினால் உன் மெஷினுக்கு வேலை கூடும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே எண்ணெய்க் கப்பல் ஒன்று நிற்பது தெரியும். பணம் கட்டினால்தான் உள்ளே வருமாம். தினமும் காலையில் அது இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறோம்.

லிப்டு ஓடுவதில்லை. எனக்குப் படியேறி ஏறிக் கால் உரம் பாய்ந்துவிட்டது. தாள் இங்கேயும் இல்லை. பழைய தேர்தல் சுவரொட்டிகளின் பின்பக்கத்தில்தான் உத்தரவுகளை அச்சடிக்கிறோம்.

புது உத்தரவு ஒன்று தயாராகிறது. அதைப் பற்றி எழுதக் கூடாது. வாங்குகிறவர்களுக்கு நிம்மதி தரும் என்று நம்புகிறோம். அப்பாவைப் போல நேராக நடப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

அவர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உத்தரவு வந்து சேர்ந்துச்சு. முன்பக்கம் உத்தரவு, பின்பக்கம் அமைச்சர் சிரிப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்தப் பக்கம் ஜோக்குன்னு தெரியலை.

நீ படிச்சிருப்பே. ஆனாலும் எழுதறேன், ஏன்னா எனக்கு அது மனப்பாடம் ஆயிடுச்சு. "பொருளின் மேல் அடியிலோ மூலையிலோ தெரியும் பழைய விலைச்சீட்டுகளில் எது மிகக் குறைவோ, அதுவே விற்பனை விலை. விற்க மறுத்துக் கடையை மூடுவது பதுக்கல் ஆகும். உரிமம் ரத்து செய்யப்படும்."

காலைல ஷட்டரைத் தூக்கினோம். வெளியே ஒரு கூட்டம், எல்லார் கையிலயும் நகம். அக்கா, நம்ம கடைல எல்லாரும் சாமான் வாங்கித்தான் பார்த்திருக்கே. உரிச்சுப் பார்த்திருக்கியா? ஒவ்வொரு டப்பாவா எடுத்து, வெங்காயம் மாதிரி உரிக்கறாங்க. அடிவரைக்கும் போனா, நான் எட்டாவது படிச்சப்ப இருந்த விலைகூட வருது. ஒரு பெரியவர் சோப்பை உரிச்சுட்டு, "இந்த விலை எல்லாம் இருந்துச்சா?"ன்னு ஆச்சரியப்பட்டு நின்னுட்டார். பின்னாடி இருந்தவர், "மாமா, அழறதா இருந்தா காசைக் கொடுத்துட்டு வெளியே போய் அழுங்க"ங்கறார்.

அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. "சட்டம்னா சட்டம்"னு அடி விலைக்கே எடுத்துக் கொடுத்தார். எனக்கு என்னவோ ஆரம்பத்துல சிரிப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் பார்த்தா பெரிய தெருவுல இருக்கற ஏசி கடையோட பையன்கள் மூட்டை மூட்டையா வாங்கறாங்க. ஒருத்தன் சட்டைல அவங்க கடைப் பேரே தையல் போட்டிருக்கு, அதைக் கழட்டக்கூட அவனுக்குத் தோணலை. அவங்க கடைல எல்லாம் சுரண்டி எடுத்தாச்சு, ஒரே ஒரு ஸ்டிக்கர், புது விலை, சட்டப்படி சுத்தம். நம்ம கடைல அடி விலைக்கு வாங்கி, சுரண்டி, தெரு தாண்டிக் கொண்டுபோய் மேல் விலைக்கு விக்கறாங்க.

பால்பவுடர் அலமாரிப் பக்கம் அவன் கை போனப்பதான் அப்பா எழுந்தார். அது கைக்குழந்தை இருக்கற வீடுகளுக்குன்னு எடுத்து வச்சது. "இது உனக்கு இல்லப்பா." "விக்க மாட்டேங்கறீங்களா?" "உனக்கு விக்க மாட்டேன்." எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு ஷட்டரை இறக்கிட்டார்.

சாயங்காலமே இன்ஸ்பெக்டர் வந்தார். எப்பவும் டார்ச் லைட்டோட வர்றவர், அதனால நான் அவருக்கு வச்ச பேரு டார்ச். "மூடிட்டீங்களா? அப்ப பதுக்கல்"னு பூட்டுப் போட்டு, பேப்பர் ஒட்டி, மெழுகு ஊத்தி சீல் வச்சுட்டார். பால்பவுடர் உள்ளே. குழந்தைங்க வெளியே. விசாரணைல லைசென்ஸ் போச்சுன்னா கடை போச்சு. கடை போச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம்னு அம்மா கேட்டாங்க. அப்பா கடைச் சாவியை ஆணில மாட்டினார். எனக்கு ஒரு ஜோக்கும் வரலை.

நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே? ஏதாவது பண்ணு.

ரெட்டைவால்


ஏப்ரல் 10

ரெட்டைவாலுக்கு,

கடிதம் கிடைத்தது. மாவட்ட விசாரணைகளில் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் தலையிட முடியாது. அதிலும் குடும்பத்தினர் சம்பந்தப்பட்டிருந்தால் கூடவே கூடாது. அப்பாவை விசாரணைக்கு நேரத்துக்குப் போகச் சொல். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

நீ வாலை ஆட்டாமல் இரு. இது விளையாட்டு இல்லை.

ஏசி கடையில் எல்லாம் சுரண்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஊரில் மற்றக் கடைகளிலுமா? நன்றாகப் பார்த்தாயா?

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

நன்றாகப் பார்த்தேன். தெருத் தெருவா நடந்து பார்த்தேன். எல்லாமே சுரண்டியாச்சு. உத்தரவுக்கு முன்னாடியே சுரண்டித்தான் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க, அதுதான் எல்லார் வழக்கமும். பழைய விலை மூலைல தெரியற கடை இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணு. அப்படி இருக்க, உத்தரவுல மட்டும் "மூலையிலோ தெரியும்"னு எப்படி வந்துச்சு?

ஆபீஸ் ஆளுங்களுக்கு மூலை தெரியாதுக்கா. நம்ம கடை கல்லா மேல உக்காந்து வளர்ந்தவங்களுக்குத்தான் தெரியும். நான் உன் தங்கச்சி. எனக்கு மூக்குல வேர்த்துடும்.

நீ எழுதினதுதானே அது?

அப்பாகிட்ட நான் சொல்லலை. அவரும் மூணு தரம் அந்த உத்தரவைப் படிச்சார். மூணாவது தரம் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு வாசல்ல போய் நின்னார். அவருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். இந்த வீட்டுல யாருமே வாயைத் திறக்கறதில்லை, என்னைத் தவிர.

அப்புறம் நான் ஒண்ணு பண்ணிட்டேன். திட்டிக்கோ. ஸ்டிக்கர் மெஷின் என் பள்ளிக்கூடப் பைல இருந்ததால சீலுக்குத் தப்பிச்சிடுச்சு. தினம் பள்ளிக்கூடம் போறப்ப அந்த சீல் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். பூட்டோட விலை. முதல் நாள் ஒண்ணு, மறுநாள் அதுக்கு மேல கொஞ்சம் ஏத்தி, சாய்ச்சு, மூலை தெரிய. தெருவே வந்து பார்த்து, "இன்னிக்குப் பூட்டு என்ன விலை?"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுச்சு. டார்ச் வந்தார். கூட்டத்துக்கு நடுவுல ஒவ்வொண்ணா உரிச்சார். அடியோட அடில நான் எழுதி வச்சிருந்தது, "உரித்தமைக்கு நன்றி, மீண்டும் வருக."

எல்லாரும் சிரிச்சாங்க. அவர் உரிச்ச வேகத்துல ஸ்டிக்கரோட சேர்ந்து அரசாங்கப் பேப்பரும் கிழிஞ்சுபோச்சு. அவர் முகம் மாறினதும்தான் எனக்கு உறைச்சுது. இப்ப அப்பா மேல ரெண்டாவது கேஸ், சீலைச் சேதப்படுத்தியது.

அப்பா என்னை அடிக்கலை. மெஷினை மட்டும் வாங்கிக்கிட்டார்.

ரெட்டைவால்


ஏப்ரல் 25

ரெட்டைவாலுக்கு,

சீல் கிழிந்த அறிக்கை எங்கள் மேஜைக்கே வந்தது. உன்னை என்ன செய்வது? உனக்கு ஒரு கூட்டம் சிரித்தால் போதும், பிறகு யார் தலையில் எது விழுந்தாலும் பரவாயில்லை. நம் கடையில் எல்லோரும் உரித்ததைப் பார்த்துக் கலங்கித்தான் எழுதினாய். மறு வாரமே ஒரு மனிதரைத் தெருவில் நிற்க வைத்து உரிக்க விட்டிருக்கிறாய்.

எழுதிவிட்டு ஒரு நாள் கழித்து இதைத் தொடர்கிறேன்.

ஆமாம், நான்தான். கூட்டத்தில் எல்லோரும் பழைய விலைக்குத் திருப்ப வேண்டும் என்றார்கள், பழைய விலை எது என்று யாருக்கும் தெரியவில்லை. ரசீது கேட்டால் கடைக்காரர்கள் இல்லை என்பார்கள். நான் எழுந்து, "பழைய விலை பொருளின் மேலேயே இருக்குமே சார்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படியேறிப் படியேறி வந்த இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேலதிகாரி அப்படியே வாசகத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எல்லாக் கடையிலும் அப்படித்தான் ஒட்டுவார்கள் என்று நினைத்தேன். வேறு கடையில் நான் சாமான் வாங்கியதே இல்லையே. எதற்கு வாங்க வேண்டும், நம் கடை இருக்கும்போது? தலைநகருக்கு வந்த பிறகும் மூலை தெரியாத டப்பாக்களைப் பார்த்தபோது, புதுச் சரக்கு போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு இங்கே கடை கடையாகப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதுதான். எங்கள் வலையில் சிக்கியவர்கள் எல்லாம் மறைக்காதவர்கள். வேறு ஊர்களிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

விசாரணை அதிகாரிக்கு ஒரு வாக்குமூலம் அனுப்பியிருக்கிறேன், பதிவுத் தபாலில். மேலிடத்து அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. இதனால் அப்பாவுக்கு நல்லது நடக்குமா என்று தெரியாது. நீ அங்கே ஒழுங்காக நின்று, செய்ததைச் சொல்.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

விசாரணை முடிஞ்சுது. நடந்ததை நடந்தபடி எழுதறேன், மசாலா சேர்க்கலை. மசாலாவும் கிடைக்கறதில்லை.

கரண்ட் இல்லாததால விசாரணையை மரத்தடில வச்சாங்க. அதிகாரி ஒரு அம்மா, கைல விசிறி. அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார், இஸ்திரி போட முடியலை. நம்ம அம்மா எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "சுருக்கத்தைப் பார்த்து நம்பாம போயிடப் போறாங்க"ன்னு சட்டையை இழுத்து இழுத்துவிட்டாங்க.

"பழைய சீட்டை ஏன் எடுக்கலை?"ன்னு கேட்டாங்க.

"எடுத்தா எவ்வளவு ஏறிச்சுன்னு வாங்கறவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"அவங்க காசும்மா."

அந்த அம்மா எழுதறதை நிறுத்திட்டு அப்பாவைப் பார்த்தாங்க. அடுத்து சீல் விஷயம். நான் முன்னாடி போய், "ஸ்டிக்கர் ஒட்டினது நான், அப்பாவுக்குத் தெரியாது"ன்னு சொன்னேன். அப்போ டார்ச் என்ன பண்ணினார் தெரியுமா? "மேடம், ஒட்டினது இவதான். ஆனா கிழிச்சது என் நகம். நிதானமா உரிச்சிருந்தா கிழிஞ்சிருக்காது"ன்னுட்டார். அவருக்கு வச்ச பட்டப்பேரை வாபஸ் வாங்கணும்னு நினைக்கிறேன். ஆனா ஊரே இப்ப அப்படித்தான் கூப்பிடுது, நான் மட்டும் வாங்கி என்ன பண்றது.

அப்புறம் உன் வாக்குமூலம். அந்த அம்மா சத்தமாப் படிச்சாங்க. "இந்த விதியை முன்மொழிந்தவள் நான். நான் அறிந்தது ஒரே ஒரு கடை, அது என் தந்தையின் கடை. எல்லோரும் அவரைப் போல ஒட்டுவார்கள் என்று நினைத்து எழுதினேன்." அந்த வரி வரைக்கும் அப்பா நின்னுக்கிட்டுதான் இருந்தார். அப்புறம் பெஞ்சுல உக்காந்துட்டார்.

"இது உங்க பொண்ணா?"

"ஆமா."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு." அப்புறம், "அவ தப்பு இல்லைங்க. நான் அவளை வேற கடைக்கு அனுப்பினதே இல்லை"ன்னார்.

அம்மா சட்டையை இழுக்கறதை விட்டுட்டு முந்தானையை எடுத்துக்கிட்டாங்க. நான் மரத்தைப் பார்த்தேன். மரத்துல ஒண்ணும் இல்லை.

தீர்ப்பைத் தள்ளி வச்சிருக்காங்க. லைசென்ஸ் இருக்கா போச்சான்னு இன்னும் தெரியாது. ஆனா பால்பவுடரை மட்டும் அன்னிக்கே வெளியே எடுக்க உத்தரவு போட்டாங்க. டார்ச்சே வந்து சீலைத் திறந்தார், குழந்தையோட வந்தவங்களுக்கு அப்பா எடுத்துக் கொடுத்தார், திரும்பப் பூட்டு. ஏசி கடைப் பையன் ஒருத்தன் யாரோட குழந்தையையோ தூக்கிட்டு வரிசைல நின்னான். குழந்தையே அவனைப் பார்த்து வீல்னு கத்திக் காட்டிக் கொடுத்துடுச்சு.

உன்னை என்ன பண்ணப் போறாங்க?

ரெட்டைவால்


மே 20

ரெட்டைவாலுக்கு,

என்னை என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்குள் எங்கள் துறையையே என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிட்டது.

அனுமதியின்றி வாக்குமூலம் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டார்கள். பதில் எழுதினேன். அந்த வாரமே அமைச்சர்கள் பதவி விலகினார்கள். நீ ரேடியோவில் கேட்டிருப்பாய். புதிதாக வந்தவர்கள், கடனைத் திருப்பித் தர இப்போது முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். சர்வதேச நிதியத்தில் உதவி கேட்டிருக்கிறார்கள், அவர்கள் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். வரி ஏறும். மானியம் குறையும். நோட்டின் மதிப்பை இனி பிடித்து வைக்கக் கூடாது. விலைக் கட்டுப்பாடு கூடாது. ஆக, உத்தரவு ரத்து, அதன் கீழ் போட்ட வழக்குகள் எல்லாம் ரத்து. கடையைத் திறந்துவிடுவார்கள்.

கப்பல் உள்ளே வந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்து எல்லோரும் கை தட்டினோம். மறுநாள் எண்ணெய் விலை மூன்று மடங்கு.

துறையை மூடுகிறார்கள். எங்களை "உபரி ஊழியர்" என்று ஒரு பட்டியலில் போட்டிருக்கிறார்கள். பாதிச் சம்பளம், வேலை வந்தால் கூப்பிடுவார்களாம். ஊருக்கு வரலாம். வரலாமா என்று தெரியவில்லை. அப்பா அங்கே சொன்னது அதிகாரிக்காகச் சொன்னதா என்றும் தெரியவில்லை.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

சீலை எடுத்தாச்சு. டார்ச் மெழுகைச் சுரண்டறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு, நல்லா ஊத்தியிருந்தார் மனுஷன்.

உள்ளே எலிதான் நம்ம கடையை நடத்திக்கிட்டு இருந்திருக்கு. போனது போக அரிசி கொஞ்சம், பருப்பு, எண்ணெய் டின், சோப்பு, மெழுகுவர்த்தி மிச்சம். துடைச்சு அடுக்கினோம். அப்பா மெஷினை எடுத்து என் கைல திருப்பிக் கொடுத்தார். "என்ன விலை போடட்டும்?"னு கேட்டேன்.

அப்பா எண்ணெய் டின் ஒண்ணைக் கைல எடுத்தாருக்கா. டின்னைப் பார்த்துக்கிட்டே நிக்கறார். இப்ப எந்த உத்தரவும் இல்லை, எந்த விலைக்கும் விக்கலாம். பழைய விலைக்கு வித்தா மறுபடி சரக்கு எடுக்கக் காசு வராது, ஒரு வாரத்துல கடை காலி. புது விலைக்கு வித்தா தெருவுல யாராலயும் வாங்க முடியாது, சரக்கு அலமாரிலயே இருக்கும், அப்பவும் கடை காலி. வெளியே ஆளுங்க நிக்கறாங்க. இந்தத் தடவை நகத்தோட வரலை, சும்மா நிக்கறாங்க. "இருங்க, விலை போடலை"ன்னு சொல்லி அனுப்பறார். "ரொம்ப யோசிக்காதீங்க, யோசிச்சா அதுக்குள்ள ஏறிடும்"னு ஒரு அக்கா சொல்லிட்டுப் போனாங்க.

நான் சொல்றதை நம்பு, இதுல என் வேலை ஒண்ணும் இல்லை. நேத்து சாப்பிட உக்காந்தப்ப அப்பா தட்டைப் பார்த்துக்கிட்டே, "உங்க அக்கா என்ன சொல்றா?"ன்னு கேட்டார். "கவர்மெண்ட்" இல்லை. உங்க அக்கா. "எதைப் பத்தி?"ன்னேன், குறும்புக்கு. "விலையைப் பத்தி. எழுதிக் கேளு. அதுவரைக்கும் உப்பும் மெழுகுவர்த்தியும் விப்போம்"னார்.

எழுதிக் கேட்டுட்டேன். பதில் போடு. பாதி ஷட்டர் இறக்கி வச்சிருக்கு.

ரெட்டைவால்


ஜூன் 5

ரெட்டைவாலுக்கு,

அப்பாவிடம் சொல், எனக்குத் தெரியவில்லை என்று.

இரண்டு வருடம் விலை போடும் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கூட்டத்தில்கூட யாரும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை, நான் உட்பட. எல்லோருக்கும் எல்லா விலையும் தெரிந்திருந்தது.

எண்ணெய்க்கு ஒரு விலை, அரிசிக்கு ஒரு விலை என்று இங்கிருந்து எழுதி அனுப்பினால் மறுபடி அதே வேலையைத்தான் செய்கிறவள் ஆவேன். யார் வீட்டில் என்ன இருக்கிறது, மொத்த வியாபாரி அடுத்த தடவை என்ன கேட்பார், எதை லாபமில்லாமல் கொடுத்தால் எதில் சேர்த்துப் பிடிக்கலாம், இதெல்லாம் அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். மூன்று பேருமாக உட்கார்ந்து யோசிக்கலாம். நீயும்தான். உனக்குத் தெருவில் எல்லோருடைய அடுப்பும் தெரியும்.

பதினொன்றாம் தேதி வருகிறேன், பஸ் ஓடினால். துணிப்பை ஒன்றும் பெட்டி ஒன்றும். வேறு எதுவும் இல்லை.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

இதைத் தபால்ல போடப் போறதில்லை. பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்து எழுதறேன், நீ இறங்கினதும் கைல திணிக்கப் போறேன்.

காலைல வர வேண்டிய பஸ் வரலை. டீசல் வாங்க வரிசைல நிக்குதாம். டைம் கீப்பரைக் கேட்டேன். "வந்தா வரும்மா"ங்கறார். இவரைத்தான் நிதியமைச்சரா போட்டிருக்கணும், பொய்யே வராது.

உன் கடிதத்தை அப்பாகிட்ட கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துல வச்சுப் படிச்சார். "தெரியலையாமா?"ன்னார். "ஆமாம்பா." "சரி." அவ்வளவுதான். சாயங்காலம் கல்லாப் பக்கத்துல இன்னொரு ஸ்டூல் வந்திருக்கு. எங்கேர்ந்துன்னு நான் கேக்கலை.

எழுதிக்கிட்டு இருக்கறப்பவே பார்க்கறேன், அப்பா ரோட்டைத் தாண்டி வர்றார். கடை நேரத்துல! பெரியம்மா பொண்ணு கல்யாணத்துக்கே கடையை மூடாம, என்னையும் அம்மாவையும் மட்டும் அனுப்பினவர். கிட்ட வந்து நின்னுக்கிட்டு, "மெழுகுவர்த்தி ஆள் இந்த பஸ்ல வர்றானாம்"ங்கறார். மெழுகுவர்த்தி ஆள் நேத்தே வந்துட்டுப் போயிட்டான், நானே எண்ணி வாங்கினேன். "அப்படியாப்பா"ன்னு சொல்லிட்டேன்.

"கடை?"ன்னு கேட்டேன்.

"பூட்டிட்டு வந்தேன்"னு சாவியைக் காட்டினார். நம்ம சாவி.

பஸ் சத்தம் கேக்குது.